அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் ஒட்ட முடியுமாங்க?

கேள்வி: ஏனுங்க, கணபதியில சின்னதா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். அலுமினியம் பிளேட்டையும் மெக்னீசியம் பிளேட்டையும் டிக் வெல்டிங்ல (மின்பொறி சூட்டுல உருக்கி ஒட்டறது) சேத்துனா ஆறுனதும் விரிசல் உட்டுருது. என்ன பண்றதுங்க? – வாசகர், கோவை

பதில்: தப்பு உங்க கை மேல இல்லீங்க. ரெண்டும் தனித்தனியா 650, 660 டிகிரி பக்கம்தான் உருகும், ஆனா உருகி ஒண்ணா கலந்துருச்சுன்னா கண்ணாடி மாதிரி நொறுங்கற ஒரு சேர்மம் நடுவுல உருவாயிரும், விரிசல் அங்கதான் ஆரம்பிக்குது. அதனால உருக்காமயே ஒட்டோணும். அதுக்குத்தான் பிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங், 1991ல இங்கிலாந்துல கண்டுபுடிச்சது. கெட்டியான ஸ்டீல் டூல் ஒண்ணு சுத்திக்கிட்டே ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல எறங்கும், உரசற சூட்டுல உலோகம் களி மாதிரி எளகும், நம்ம ஊட்ல ராகிக்களி கிண்டறாப்பலயே டூல் அதைக் கிண்டிக்கிட்டு போகும், பின்னாடி கெட்டியாயிரும்.

இதுலயும் சூடு ஏறக்கூடாதுங்க. இந்த ரெண்டும் கலந்த எடம் 440 டிகிரி பக்கமே உருக ஆரம்பிச்சுரும், அதனால டூல் சுத்தற ஸ்பீடை ரொம்ப ஏத்தாதீங்க.

மில்லிங் மெஷின்லயே பழகலாம், ஆனா டூலை அமுக்கற பாரம் ரொம்ப அதிகம், பழைய மெஷின்னா ஸ்பிண்டில் (டூலைச் சுத்தற தண்டு) பேரிங் போயிரும், மெல்லிசு பிளேட்டுல ஆரம்பிங்க. அடியில ஸ்டீல் பிளேட் குடுத்து ரெண்டையும் அசையாம இறுக்கோணும், டூல் நுனியில பிளேட்டுக்குள்ள எறங்கற முளையோட (pin) நீளம் பிளேட் கனத்தைவிட கொஞ்சம் கம்மியா இருக்கோணும், டூலை ரெண்டு மூணு டிகிரி பின்பக்கமா சாய்ச்சுக்கங்க. டூல் சுத்தற திசைக்கு எந்த உலோகம் எந்தப் பக்கம் இருக்கோணும்ங்கறதையும் வேஸ்ட் துண்டுல மாத்தி மாத்தி ஓட்டி, வளைச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மெக்னீசியம் சீவல் தீப்புடிச்சா மட்டும் தயவுசெஞ்சு தண்ணி ஊத்திராதீங்க, இன்னும் வேகமா எரியும். காஞ்ச மணல் ஒரு பக்கெட் பக்கத்துலயே இருக்கட்டும்.