காரில் ‘இன்னும் இவ்வளவு கி.மீ. ஓடும்’ என்று காட்டும் எண் ஏறி ஏறி இறங்குகிறதே, மீட்டர் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. ஆனால் நானும் பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் போய் நின்றவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேடு போய் மீன் வாங்கிக்கொண்டு திருவொற்றியூருக்குத் திரும்பினேன். கிளம்பும்போது அந்த எண் 96. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எக்ஸ்பிரஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அன்றைக்கும் அதே கதை. பின்னால் வஞ்சிரம் இருந்ததால் ஏசியை அணைக்கவும் மனசு வரவில்லை. தேரடி வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. ஓடியது 6 கிலோமீட்டர், எண்ணோ 63.

வீட்டில் மனைவியை ஏற்றிக்கொண்டு மணலி, மாதவரம், செங்குன்றம் வழியாக ஜிஎன்டி ரோட்டை, அதாவது கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டி அக்கா வீட்டுக்குப் போனோம். செங்குன்றம் தாண்டியதும் ஒரே சீராக ஓட்டினேன். இறங்கும்போது பார்த்தால் 80! “என்னாங்க, பெட்ரோல் உள்ளயே ஊறுதா?” என்றாள்.

அடுத்த வாரம் தண்டையார்பேட்டை மெக்கானிக் அண்ணன் சிரித்துவிட்டு ஒரு வரியில் முடித்தார்: “அது டேங்க்கை மட்டும் பாத்துச் சொல்லல தம்பி, நீ கடைசியா எப்படி ஓட்டினியோ அதையும் பாத்துச் சொல்லுது.”

அவ்வளவுதான் விஷயம். டேங்க்கில் இருக்கும் லிட்டரை, சமீபத்தில் கிடைத்த மைலேஜால் பெருக்கிக் காட்டுகிறது. என் கணக்கையே தோராயமாகப் போட்டுப் பாருங்கள். முதலில் 8 லிட்டர், மைலேஜ் 12, அதனால் 96. நெரிசலில் ஏசியோடு நின்றதில் ஒரு லிட்டர் போச்சு, மைலேஜும் 9க்கு விழுந்தது. 7 பெருக்கல் 9, 63. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு மைலேஜ் பூஜ்யம் இல்லையா, அதுதான் சராசரியை அப்படி இழுத்துவிடுகிறது. ஜிஎன்டி ரோட்டில் இரண்டே கால் லிட்டர் செலவானாலும் மைலேஜ் 17க்கு ஏறிவிட்டது. மிச்சம் இருந்தது 5 லிட்டருக்கும் குறைவு, எண் மட்டும் கூடிவிட்டது.

எத்தனை கிலோமீட்டர் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குறைந்த தூரத்தை எடுக்கும் வண்டியில் எண் அதிகமாகக் குதிக்கும்.

பெருக்கலின் இன்னொரு பாதியும் அப்படியொன்றும் துல்லியம் இல்லை. டேங்க்குக்குள் ஒரு ஃப்ளோட் மிதக்கிறது, அதன் உயரத்தை வைத்துத்தான் லிட்டர் கணக்கு. மேம்பாலச் சரிவில் வண்டி நின்றால் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாயும், கணக்கும் கொஞ்சம் சாயும். 200 ரூபாய்க்குப் போட்டால் சில கார்களில் அது பதிவாகாமலே போகும். நம் ஆட்கள் உடனே பங்க்காரரைத்தான் சந்தேகப்படுவோம்.

மச்சானின் மின்சாரக் காரில் நிலைமை தலைகீழ். நெரிசலில் அவ்வளவாகக் குறையாது, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பவும் சேர்த்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் 100க்கு மேல் விரட்டினால்தான் மளமளவென்று இறங்குகிறது.

இப்போது நான் அந்த எண்ணை ஒரு சோம்பேறிக் கணக்காக மட்டும் பார்க்கிறேன். ஒருமுறை டேங்க் ஃபுல் செய்து டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். அடுத்த முறை அதே பங்க்கில் மறுபடி ஃபுல் செய்து, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தேன். ஊருக்குள் 11 வந்தது. மீதி எவ்வளவு ஓடும் என்பதற்கு அந்த 11தான் எனக்குக் கணக்கு, மீட்டர் 17 என்று ஆசை காட்டினாலும் சரி. கடைசிக் கோடு வரும் முன்பே பங்க்குக்குள் திருப்பிவிடுவேன். பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது, அதைக் குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். அடிக்கடி வற்றவிட்டால் பம்ப்புக்குக் கேடு.

கி.மீ. எண் மட்டும் ஆடினால் கவலை வேண்டாம். ஆனால் சமதளத்தில் நிற்கும்போதே பெட்ரோல் முள்ளோ கோடுகளோ குதித்தாலும், டேங்க் ஃபுல் செய்த பிறகும் பாதி என்று காட்டினாலும் ஃப்ளோட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடையோடு எண் இறங்கினால் அது வேறு சங்கதி, வண்டியை ஓரம் கட்டி அணைத்துவிட்டு மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.