டிஜிஎஃப்-பீட்டா 1 புரதத்தை (செல்லின் குணத்தை மாற்றும் சமிக்ஞைப் புரதம்) பிபிஎஸ்-ல் (நடுநிலை பிஎச் கொண்ட உப்புக் கரைசல்) கரைத்துப் போட்டும் ஏ549 (மனித நுரையீரல் புற்றுநோய்) செல்களில் மாற்றமே இல்லையே, ஏன்? (கேட்டவர்: அபிஷேகப்பட்டி பக்கம் ஆய்வு மாணவர். 10 மைக்ரோகிராம் குப்பி, கூரியரில் வெயிலில் வந்தது.)

வெயிலை விடுங்க. உறைஉலர் பொடி ஓரிரு நாள் சூட்டைத் தாங்கும். கோளாறு பெரும்பாலும் பிபிஎஸ்-ல்தான். இந்தப் புரதம் நடுநிலை பிஎச்-ல் சரியாகக் கரையாது, பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். செறிவு குறையக் குறைய, ஒட்டிப்போகும் பங்கு கூடும். நீங்கள் மில்லிக்கு 5 நானோகிராம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவோ!

கரைக்க 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும், அதில் மில்லிக்கு 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின், சுவரில் ஒட்டுவதைக் குறைக்கும் துணைப் புரதம்). 10 மில்லி தண்ணீரில் 1 மோலார் அமிலம் 40 மைக்ரோலிட்டர், பிஎஸ்ஏ 10 மில்லிகிராம். 0.2 மைக்ரான் வடிகட்டியில் இப்போதே வடித்துவிடுங்கள். டிஜிஎஃப்-பீட்டா சேர்ந்தபின் வடித்தால் பாதி வடிகட்டியிலேயே நின்றுவிடலாம். அமிலம் கெடுத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். டைசல்பைடு பிணைப்பு இறுக்கிக் கட்டிய 25 கிலோடால்டன் இரட்டைச் சங்கிலி இது, அமிலத்துக்கு அசையாது. டிடிடி (டைசல்பைடு பிணைப்பை அறுக்கும் வேதிப்பொருள்) பட்டால்தான் பிரிந்து செயலிழக்கும்.

குப்பியை அறை வெப்பநிலைக்கு வரவிட்டே திறங்கள். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துவிடும். திறக்குமுன் ஒரு சுற்று சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள், பொடி மூடியில் ஒட்டியிருக்கும். 500 மைக்ரோலிட்டர் விட்டு, வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) இல்லாமல் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கரையுங்கள். மில்லிக்கு 20 மைக்ரோகிராம் கிடைக்கும். புரதம் ஒட்டாத பாலிபுரோப்பிலீன் குழாய்களில் 25 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். தானாகப் பனி உருக்கும் ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் ஆகாது, அது சூடேறி ஆறிக்கொண்டே இருக்கும். உருக்கிய குழாயைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். கரன்ட் போய் வரும் ஊர் நம்முடையது, குழாய்களை இரண்டு ஃப்ரீசரில் பங்கிட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

10 மில்லி மீடியத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர் விட்டால் மில்லிக்கு 5 நானோகிராம். கலக்கிய மீடியத்தை உடனே செல்லில் ஊற்றுங்கள். பலரும் விட்டுவிடும் கன்ட்ரோல் ஒன்று உண்டு: டிஜிஎஃப்-பீட்டா இல்லாத அதே அமில-பிஎஸ்ஏ கரைசல், அதே அளவு.

மீடியத்தில் சேர்க்கும் சீரம் இன்னொரு வில்லன். அதிலேயே மறைநிலை (செயல்படாமல் அடங்கிய) டிஜிஎஃப்-பீட்டா இருக்கிறது. 10 சதவீத சீரத்தில் செய்தால் கன்ட்ரோல் செல்லும் கொஞ்சம் மாறித் தெரியும். முந்தின நாளே 0.5 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

ஈ-கேடெரின் (செல்களை ஒட்டிவைக்கும் புரதம்) குறைகிறதா என்று 48, 72 மணி நேரம் காத்துக் கிடப்பதற்கு முன், கையிலுள்ள பிபிஎஸ் கரைசலைப் போட்டு, 30 முதல் 60 நிமிடத்தில் பாஸ்போ-ஸ்மாட்2 (டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞை செல்லுக்குள் போனதற்கு அடையாளம்) வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஒன்று ஓட்டுங்கள். எஸ்பி-431542 என்ற டிஜிஎஃப்-பீட்டா ஏற்பித் தடுப்பானை 10 மைக்ரோமோலார் அளவில் அரைமணி முன்னதாகப் போட்ட கிணறு (செல் தட்டின் குழி) ஒன்றும் இருக்கட்டும். பட்டை வந்து, தடுப்பான் போட்டதில் மறைந்தால் புரதம் நல்லது, செல்லையோ நாள் கணக்கையோ பாருங்கள். பட்டையே வரவில்லை என்றால் அந்த பிபிஎஸ் குழாய்களைத் தூக்கிப் போடுங்கள். அமிலம் சேர்த்து மீட்டெடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், எவ்வளவு மீண்டது என்று தெரியாத ஸ்டாக்கை வைத்து டோஸ் கணக்குப் போட முடியாது.