கடைசித் தரிப்பு வரைக்கும்

தம்பி, உம்முடைய கேள்வியை நான் வாசித்தது குறிகட்டுவான் இறங்குதுறையில், வடதாரகைப் படகுக்கு வரிசையில் நின்றபடி. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் ஒரு நாளை மிச்சம் பிடித்து நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டிருந்தேன். பதிலைத் தீவில் இருந்து எழுதுகிறேன். திரும்பிப் போகிற படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நீர் எழுதியது இதுதான்: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுறோவுக்கு வந்து எட்டு மாதம். லோறன்ஸ் பக்கம் பேஸ்மென்ட், பிஞ்ச் பக்கம் வேர்ஹவுஸ், இரண்டுக்கும் நடுவில் 116ஆம் இலக்க பஸ். ஊரில் என்றால் சைக்கிளை எடுத்தால் பொழுது போய்விடும். இங்கே ஒரு த்ரில்லும் இல்லை. இத்தனை வருஷம் எப்படி அண்ணை இருந்தீங்கள்?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கொக்குவிலில் பிறந்து 23 வயது மட்டும் யாழ்ப்பாணத்தில் இருந்தவன் நான். நெடுந்தீவுக்கு வருவது இதுதான் முதல் தரம். சோளகக் காற்றில் படகு ஆடின ஆட்டத்தில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மடியில் பாண் பையோடு பக்கத்தில் இருந்த ஆச்சி என்னை விசாரித்தா. சொன்னேன். "கனடாவுக்குப் போகத் தெரிஞ்ச பிள்ளைக்கு எங்கட தீவுக்கு வர வழி தெரியேல்லையோ?" என்று கேட்டா. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சண்டைக்காலம், கடற்படை, பாஸ் என்று காரணம் சொல்ல வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டேன். கீரிமலைக்கு அப்பால் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அதுதான் உண்மை. கூட்டாளிமாரோடு சுற்றியது அதே நாலு ஒழுங்கையைத்தான். நீரும் யோசித்துப் பாரும், உம்முடைய சைக்கிள் எவ்வளவு தூரம் போனது என்று.

த்ரில் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வயதுக்காரருக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். 1993இல், எனக்கு 15 வயது, கிளாலிக் கடலைக் கடற்படைக்குத் தெரியாமல் இரவில் கடந்தோம். வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி, முன்னால் எஞ்சின் பூட்டின வள்ளம் இழுத்துக்கொண்டு போகும். எனக்கு இருமல். கரை சேரும் மட்டும் அம்மா தன் சேலைத் தலைப்பால் என் வாயைப் பொத்தியபடி இருந்தா. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றுமே நடக்காத இடம்தான் தேவைப்பட்டது. கனடாவில் முதல் ஐந்து வருஷம், நேற்றுப் போலவே இன்றைக்கும் இருந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆகவே உமக்குச் சலிப்பு வந்தது நல்ல செய்தி என்றுதான் எடுக்கிறேன். எனக்கு அது ஆறாவது வருஷம்தான் வந்தது.

அப்போது எனக்குப் பேக்கரியில் இரவு வேலை. விடிய முடித்து 54ஆம் இலக்க லோறன்ஸ் கிழக்கு பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். ஒரு நாள் நித்திரையாகிப் போனேன். சாரதி தட்டி எழுப்பினபோது பஸ்ஸில் நான் மட்டும், கடைசித் தரிப்பு. திரும்புகிற பஸ் வர நேரம் இருந்ததால் கொஞ்சத் தூரம் நடந்தேன். பார்த்தால் முன்னால் தண்ணீர், அக்கரையே தெரியவில்லை. ஐந்து வருஷமாக ஒன்ராறியோ ஏரிக்கு இவ்வளவு கிட்ட நித்திரை கொண்டிருக்கிறேன்! குனிந்து கையால் அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. ஏரி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் பண்ணைக் கடலைப் பார்த்து வளர்ந்த நாக்கு அதை நம்பவில்லை. இன்னொரு தரம் அள்ளினேன். (நீர் அந்த வேலை பார்க்காதேயும், வயிற்றுக்கு நல்லதில்லை.)

அன்றிலிருந்து லீவு நாளில் தெரியாத பஸ்ஸில் ஏறிக் கடைசி மட்டும் போவது பழக்கமாகிவிட்டது. சில இடத்தில் ஒன்றுமே இராது, ஒரு பெற்றோல் நிலையமும் காற்றும்தான். அதுவும் பரவாயில்லை. உங்களுக்கு இப்போது இன்னும் வசதி. பிரெஸ்ரோ என்கிற பஸ் அட்டையில் ஒருக்கால் காசு கட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு எங்கேயும் ஏறி இறங்கலாம். 2018க்கு முன்னம் நடுவில் இறங்கிச் சுற்றிப் பார்த்தால் திரும்பவும் காசு கட்ட வேண்டும். கார் வாங்கினாப் பிறகு எல்லாம் பார்க்கலாம் என்று கூட்டாளிமார் சொல்லுவார்கள், கேட்காதேயும். நான் கார் வாங்கி நாலு வருஷம் 401 நெடுஞ்சாலையைத்தான் பார்த்தேன்.

இன்றைக்கு நெடுந்தீவில் செய்ததும் அந்த பஸ் வேலைதான். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை, பவளக் கல்லை வெறுமனே அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். அதைத் தடவிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தேன். வெளியில் கட்டாக் குதிரைகள், போர்த்துக்கேயர் காலத்துக் கதை. பெருக்க மரத்துப் பொந்துக்குள் போய் நின்றும் பார்த்தேன். 47 வயதில்.

சரி, உம்முடைய விஷயத்துக்கு வருவோம். மோர்னிங்சைட் பூங்காவுக்குள் ஹைலண்ட் ஓடை ஓடுகிறது. செப்டெம்பர் கடைசியில் ஏரியிலிருந்து சல்மன் மீன்கள் சினைவிட அதில் ஏறி வரும். முழங்கால் அளவு தண்ணீரில், கை நீளத்துக்கு மீன், முதுகு வெளியில் தெரிய, வயிறு கல்லில் உரச. முதல் தரம் நான் பார்த்தபோது பக்கத்தில், மீன்பிடி ஊரான குருநகர் ஐயா ஒருவர் நின்றார். அரை மணித்தியாலமாக ஒரு சொல்லும் இல்லை. பிறகு, "அது பத்துக் கிலோ வரும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "பாவம்" என்றார்.

உம்முடைய 116 அந்த ஓடையின் பாலத்துக்கு மேலால்தான் போகிறது, தம்பி. ஒரு நாளைக்கு இரண்டு தரம் அதைத் தாண்டுகிறீர். பாலத்தைத் தாண்டினதும் மணியை அடியும். கால் நனையும், பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போம்.