சிகரெட்டை விட முடியல, தாய்ப்பாலை நிறுத்திடவா?

கேள்வி: டெலிவரி ஆகி 3 மாசம் ஆச்சு டாக்டர். மாசமா இருந்தப்போ சிகரெட்டைத் தொடவே இல்ல, இப்போ ராத்திரி தூக்கம் கெட்டுக்கெட்டு திரும்ப ஆரம்பிச்சு தினம் 4 ஆயிடுச்சு. பால்கனியில போய்தான் பிடிக்கிறேன். பாப்பா சரியா தூங்காம அழுதுகிட்டே இருக்கா. பால்ல விஷம் போகுது, பவுடர் பாலுக்கு மாத்துன்னு ஃப்ரெண்ட் சொல்றா. அம்மாகிட்ட சொல்லவும் பயமா இருக்கு.
- பெயர் வேண்டாம், மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: பாலை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா. ஊர் என்ன பேசுமோன்னு நிறைய பொண்ணுங்க டாக்டர்கிட்டகூட இதை மறைக்கிறாங்க, நீங்க கேட்டது ரொம்ப நல்லது.

சிகரெட்ல இருக்கற நிக்கோட்டின் பால்ல கலக்குறது உண்மைதான், உங்க ரத்தத்துல இருக்கறதைவிட பால்ல 2, 3 மடங்குகூட இருக்கும். அம்மா சிகரெட் பிடிச்சிட்டுப் பால் கொடுத்தா அடுத்த சில மணி நேரம் குழந்தை கம்மியாதான் தூங்குதுன்னு ஆராய்ச்சியிலயே பாத்திருக்காங்க. இன்னொண்ணு, பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோனையும் சிகரெட் குறைச்சிடும், அதனால பாப்பா பசியிலகூட அழலாம், எடை ஏறுதான்னு ஒரு தடவை காட்டிடுங்க. பால்ல அயோடினும் குறையும், குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு அது வேணும்.

இவ்வளவு இருந்தும் ஏன் பால் கொடுக்கச் சொல்றேன்னா, வீட்ல சிகரெட் புகை இருந்தா சளி, காது இன்ஃபெக்‌ஷன், தூக்கத்துலயே திடீர்னு உயிர் போற ஆபத்து எல்லாம் அந்தக் குழந்தைக்குக் கூடுதல், அதையெல்லாம் எதிர்த்து நிக்க தாய்ப்பால்தான் துணை, பவுடர் பால்ல அது கிடைக்காது.

இன்னைக்கு விட முடியலைன்னா, முதல்ல பால் கொடுத்துட்டு அப்புறம் பிடிங்க. பால்ல இருக்கற நிக்கோட்டின் பாதியா குறையவே ஒன்றரை மணி நேரம் ஆகும், அதனால அடுத்த ஃபீடுக்கு எவ்வளவு இடைவெளி விட முடியுமோ விடுங்க, ஆனா பசிச்சு அழுதா காக்க வைக்காதீங்க. பாலைப் பீச்சிக் கொட்ட வேண்டியதில்ல, ரத்தத்துல குறைஞ்சா பால்லயும் தானா குறையும். உள்ள வந்ததும் டிரெஸ் மாத்தி கைய நல்லா கழுவிட்டுத் தூக்குங்க, புகை துணியிலயும் முடியிலயும் ஒட்டிக்கும். பால்கனி கதவு நல்லா சாத்தியிருக்கணும். ராத்திரி உங்க பெட்ல படுக்க வைக்கவே வேண்டாம், அதே ரூம்ல தனித் தொட்டில்ல போடுங்க, மேல சொன்ன தூக்கத்துல உயிர் போற ஆபத்துக்காகத்தான், இதுல மட்டும் நான் கறாரா சொல்வேன். வீட்டுக்காரரும் பிடிக்கிறவர்னா அவருக்கும் இதேதான்.

சிகரெட்டை விடறதுக்கு அரசாங்கத்தோட உதவி எண் 1800-11-2356க்குப் பேசுங்க, காசு கிடையாது, நம்ம பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்லயே இதோட சென்டர் இருக்கு. பால் கொடுக்கறேன்னு அவங்ககிட்ட மறக்காம சொல்லுங்க, சிகரெட் ஆசையை அடக்க மெல்லுற நிக்கோட்டின் சூயிங்கம் வேணுமா வேண்டாமான்னு அதை வெச்சுதான் முடிவு பண்ணுவாங்க.