அமிலமாக்கியதும் நீரிலியே திரும்பி வருவது ஏன்?

கேள்வி: முதுநிலை வேதியியல் செய்முறைக்காக 1,8-நாப்தாலிக் நீரிலியை (அன்ஹைட்ரைடு, அதாவது அமிலத்திலிருந்து நீர் நீங்கி உருவான சேர்மம்) சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து, ஆறவிட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து வீழ்படிவை வடிகட்டி, 110 டிகிரி செல்சியஸில் உலர்த்தினேன். அகச்சிவப்பு நிறமாலையில் 1770, 1740 செ.மீ.⁻¹ அருகே நீரிலிக்குரிய இரட்டை உச்சிகளே தெரிகின்றன. தாலிக் நீரிலியில் இதே முறை அமிலத்தைத் தந்தது. நீராற்பகுப்பு நிறைவடையவில்லையா?

பதில்: நிறைவடைந்துதான் இருக்கிறது. தண்ணீரில் ஏறக்குறைய கரையாத அந்தப் பொருள் காரத்தில் தெளிந்த கரைசலானதே அதற்குச் சான்று. நீங்கள் அமிலம் ஊற்றிய பிறகு வளையம் மீண்டும் மூடிக்கொண்டது.

தாலிக் நீரிலியில் இருப்பது இறுக்கம் மிகுந்த ஐந்தணு வளையம். தண்ணீர் பட்டால் அது எளிதில் திறந்துகொள்ளும், திறந்தபின் சமநிலையும் அமிலத்தின் பக்கமே நிற்கும். நாப்தலீனிலோ 1, 8 ஆகிய இடங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதால், இரு கார்பாக்சில் தொகுதிகளும் விலக இடமின்றி வளையத் தளத்திலிருந்து முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றி, இறுக்கம் அதிகமில்லாத ஆறணு வளையமாக மாறினால் அந்த நெருக்கடி தீர்ந்துவிடுகிறது. ஆகவேதான் அமிலக் கரைசலில், சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போதே, நீர்நீக்கம் நடக்கிறது. பாடநூல்கள் தாலிக் நீரிலியை மட்டுமே எடுத்துக்காட்டி நகர்ந்துவிடுவதால் இது பலருக்கும் வியப்பளிக்கிறது. வீழ்படிவில் சிறிது அமிலம் மிஞ்சியிருந்தாலும் 110 டிகிரி ஓவன் அதையும் நீரிலியாக்கியிருக்கும்.

காரக்கரைசலில் இந்த வளையமாதல் நிகழாது. இரு தொகுதிகளும் எதிர்மின்னேற்றம் பெற்றிருப்பதால் ஒன்று மற்றொன்றின் கார்பனைத் தாக்குவது கடினம். தாக்கினாலும் நீராக வெளியேறத்தக்க தொகுதி அங்கே இல்லை. எனவே திறந்த வடிவம் தேவையென்றால் தனி அமிலத்தைப் பிரித்தெடுக்க முயலாமல், பி.எச். 9-க்கு மேல் டைசோடியம் உப்பாகவே கரைசலில் வைத்திருங்கள். காந்த ஒத்ததிர்வு நிறமாலையையும் காரம் சேர்த்த கனநீரிலேயே எடுக்கலாம். அடுத்த படி இமைடு (நீரிலி வளையத்தின் ஆக்சிஜன் இடத்தில் நைட்ரஜன் அமைந்த சேர்மம்) தயாரிப்பதென்றால் இந்தச் சுற்றே வேண்டாம், நீரிலியை நேரடியாக அமீனுடன் சூடாக்கினால் போதும்.

கையிலுள்ள உலர்ந்த திண்மம் எது என்பதை நிறமாலை இல்லாமலும் அறியலாம். 0.2000 கிராம் எடுத்து, 50.0 மி.லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் தெளியும் வரை சூடாக்கி, மிஞ்சிய காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பின்தரம் பாருங்கள். நீரிலியின் மூலக்கூறு எடை 198.17, அமிலத்துடையது 216.19, இரண்டுமே ஒரு மோலுக்கு இரண்டு மோல் காரத்தை ஏற்பதால், தூய நீரிலியானால் 20.2 மி.லி. காரமும், தூய அமிலமானால் 18.5 மி.லி. காரமும் செலவாகியிருக்கும். 1.7 மி.லி. வேறுபாட்டைப் பியூரெட்டில் தாராளமாகக் காணலாம். ஆனால் சூடான காரம் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சுமாதலால், திண்மம் சேர்க்காத வெற்றுக் கரைசலையும் அதே நேரம் சூடாக்கித் தரம்பார்த்து, இரண்டின் வேறுபாட்டையே கணக்கில் கொள்ளுங்கள். பினால்ப்தலீனின் இளஞ்சிவப்பு மறையும் புள்ளியோடு நிறுத்திவிடுங்கள். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும் வரை அமிலம் விட்டால், கார்பாக்சிலேட்டுகளும் அமிலத்தை ஏற்கத் தொடங்கி, குடுவையிலேயே கரைசல் கலங்கிவிடும்.