கணிதக் கல்விச் சீர்திருத்தத்தில் கணிதவியலாளர்களும் அவர்களுடைய சங்கங்களும் ஏன் ஈடுபடுகிறார்கள்?

கணிதக் கல்விச் சீர்திருத்தம் என்பது, பள்ளியில் எந்தக் கணிதத்தை, எந்த வரிசையில், எப்படிக் கற்பிப்பது என்பதை மாற்றியமைப்பதாகும். மேல்தளம் கட்டுகிறவருக்கு அடித்தளத்தின் பலவீனம் தெரிந்துவிடுவதுபோல, பள்ளிக் கணிதத்தின் குறைகள் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்களுக்கு விரைவில் புலப்படுகின்றன. தனியாகச் சொன்னால் எடுபடாது என்பதால் சங்கமாகச் சொல்கிறார்கள். 1908இல் ரோமில் கூடிய பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாடு, பல நாடுகளின் கணிதக் கற்பித்தலை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் அதன் முதல் தலைவரானார். சோவியத் ஒன்றியத்தின் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டதற்கு அடுத்த ஆண்டான 1958இல், கணிதவியலாளர் எட்வர்ட் பெகில் தலைமையில் அமெரிக்காவில் தொடங்கிய குழு, கணங்களையும் (பொருள்களின் தொகுப்புகள்) கட்டமைப்புகளையும் முன்னிறுத்திய ‘புதிய கணித’ப் பாடநூல்களை உருவாக்கியது. தர்க்கம் கச்சிதமானதுதான், சிறுவர்களுக்கு அது மிகையான நுண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1962இல் அந்தப் போக்கை விமர்சித்துக் கூட்டறிக்கை வெளியிட்டவர்களும் கணிதவியலாளர்களே. பாடத்திட்டத்தை இச்சங்கங்களே தீர்மானிக்கின்றன என்று பலர் கருதுவது சரியன்று: அவை பரிந்துரைக்கின்றன, முடிவெடுப்பவை அரசுகளும் கல்வி வாரியங்களும்தான்.