வாசகர் கேள்வி: நோஞ்சான் எலியைப் பிடித்துச் சோதித்தால் போதுமா?

கேள்வி: எங்கள் விலங்குக்கூடத்தில் 400 கூண்டு சுண்டெலிகள். மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியா உண்டா என்று பார்க்க, நோஞ்சானாகத் தெரிபவற்றை மட்டும் சோதித்தால் போதாதா?

பதில்: போதாது. சால்மோனெல்லாவைக் குடலிலும் லெப்டோஸ்பைராவைச் சிறுநீரகத்திலும் சுமந்துகொண்டே எலி கொழுகொழுவென்று இருக்கும். நூறில் 30 எலிகளுக்குத் தொற்று இருந்தால், 9 எலிகளைச் சோதிக்கும்போது ஒன்றாவது சிக்க 95% வாய்ப்பு. நூறில் 10 என்றால் 29 எலிகள் வேண்டும். அதுவும் எலிகள் கலந்து பழகும் கூடத்துக்கான கணக்கு. வடிகட்டி மூடியிட்ட தனிக் கூண்டுகளில் தொற்று ஒரே கூண்டுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே எல்லாக் கூண்டுகளிலிருந்தும் புழுக்கையைத் திரட்டுங்கள்.

சால்மோனெல்லா தினமும் வெளியேறாது. ஒருநாள் 'இல்லை' என்று வந்ததை நம்பிவிட வேண்டாம். புதுப் புழுக்கை 1 பங்குக்குப் பெப்டோன் நீர் (பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக் கரைசல்) 9 பங்கு, 37 டிகிரியில் 18 மணி நேரம். அதில் 0.1 மி.லி. எடுத்து மற்ற பாக்டீரியாக்களை அடக்கிச் சால்மோனெல்லாவைப் பெருக்கும் 10 மி.லி. ராப்பபோர்ட் கரைசலில் விட்டு 41.5 டிகிரியில் 24 மணி நேரம். பிறகு எக்ஸ்.எல்.டி. அகார் என்ற வளர்ப்புத் தட்டில் தேய்த்தால், சால்மோனெல்லா இருக்கும்போது நடுவே கறுத்த சிவப்புத் திட்டுகள் வரும். ராப்பபோர்ட் என்ற நடுப்படியைத் தவிர்த்து நேரே அகாருக்குப் போனால் மற்ற குடல் பாக்டீரியாக்கள் அமுக்கிவிடும். கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். விரைவானதுதான். ஆனால் செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் அது காட்டும். கதிர்வீச்சில் சுத்திகரித்த தீவனமே ஏமாற்றலாம். 'உண்டு' என்று வந்தால் வளர்ப்புச் சோதனையில் உறுதிசெய்யுங்கள்.

லெப்டோஸ்பைராவுக்கு ரத்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். பிறந்தவுடன் தொற்றிய குட்டி, எதிர்ப்பொருள் இல்லாமலே சிறுநீரில் கிருமியைக் கழிக்கலாம். சிறுநீரகத் துண்டில் பி.சி.ஆர். செய்வதே மேல்.

மரபணுவை இயக்க டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து கலந்த தீவனம் தின்னும் எலிகளிடமிருந்து மாதிரி எடுக்காதீர்கள். பலரும் சறுக்கும் இடம் இது. கிருமி அடங்கியிருக்கும், சோதனை 'இல்லை' என்று சொல்லும்.

கேள்வி: தொற்று உறுதியானால் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாமா?

பதில்: மருந்தால் கிருமி வெளியேறுவது நின்றாலும், எலி அதைச் சுமப்பது நிற்காமல் போகலாம். கூட்டத்தை நீக்கிவிட்டு, கருமாற்றம் (கருவைத் தொற்றில்லாத தாய் எலிக்கு மாற்றுவது) மூலம் சுத்தமான வம்சத்தை மீட்பதே நம்பகமான வழி.

கேள்வி: அதே கட்டடத்தில் பெரிய எலிகளும் உள்ளன. கடித்தால்?

பதில்: சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பெரிய எலியின் தொண்டையில் நோய் காட்டாமல் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோபேசிலஸ் மோனிலிஃபார்மிஸ் என்ற பாக்டீரியா எலிக்கடி காய்ச்சலைத் தரக்கூடியது. மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால் மருத்துவரிடம் 'எலி கடித்தது' என்று சொல்லியே ஆக வேண்டும். வழக்கமான ரத்த வளர்ப்புப் புட்டியில் உள்ள உறைவுத்தடுப்புப் பொருளே இந்தக் கிருமியை வளரவிடாது. சொன்னால்தான் ஆய்வகம் சீரம் சேர்த்த ஊடகத்தில், கரியமில வாயு கூட்டி வளர்க்கும்.